நாலாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தவன்

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் ஒரு நாள் என் கடைக்கு வாருங்கள், தாக் மன்சு எந்த மேஜையில் உட்கார்ந்து இதைச் சொன்னான் என்று காட்டுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு. ஜூன் மாதம், புதன்கிழமை. ஊரே வேலை செய்துகொண்டிருந்த நேரம்.

மரைன் படை முகாமின் பின்வாசலுக்கு எதிரே முப்பது வருடமாக மீன் சூப் கடை வைத்திருக்கிறேன். கரையிறங்கும் பயிற்சிக்கு வருகிற பையன்கள் எல்லோருக்கும் நான் சின்னம்மா. மன்சு இருபது வயதில் மொட்டைத் தலையோடு வந்ததிலிருந்து தெரியும். இப்போது நாற்பதை நெருங்குகிறான். ரப்பர் படகுப் பயிற்சிக்கு அவன்தான் சார்ஜென்ட். வாய் திறந்து பேசமாட்டான். சோஜு சாராயம் உள்ளே போனால் பேச்சு இன்னும் குறையும். அவன் வயிற்றில் பத்தொன்பது வருடமாக ஒரு விஷயம் கிடந்தது. அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஈரச் சட்டையோடு வந்து, முதலில் அதைத்தான் கக்கினான்.

ஒரு ரப்பர் படகுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு எண். நடுக்கடலில் படகைத் தாங்களே கவிழ்க்க வேண்டும். அடியிலிருந்து வெளியே வந்து ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கத்த வேண்டும். கடைசி ஆள் "ஏழு, முடிஞ்சது!" என்றால் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே கரைக்கு நீந்த வேண்டியதுதான். கவிழ்ந்த படகு அங்கேயே கிடக்கும். அடுத்த குழு நீந்திப் போய் அதை நிமிர்த்தும். பத்து வினாடிக்குள் எண்ணி முடிக்காவிட்டால் தண்டனை உண்டு. கரையில் இருக்கும் இன்னொரு படகை ஏழு பேரும் தலையில் சுமந்துகொண்டு மணலில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். கழுத்து எலும்பு கத்தும். அந்தப் பத்து வினாடிக்குப் பயந்து, தலைகளை யாரும் எண்ணுவதில்லை. குரல்களைத்தான் எண்ணுவார்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மன்சு ஆறாம் எண். அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாலாம் எண், ஓக் ஜின்தே. தெற்குத் தீவுப் பையன். அம்மா சிப்பி உடைத்துப் பிழைப்பவள். இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. ஜின்தே நல்ல நீச்சல்காரன்தான், ஆனால் எதிலும் நிதானம். தண்ணீருக்கடியிலிருந்தும் நிதானமாகத்தான் வருவான். அவனால் அன்று மட்டும் மூன்று தடவை படகு சுமந்தார்கள்.

"டேய் ஆமை," என்றான் மூன்றாம் எண். "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா படகுக்குப் பதிலா உன்னைச் சுமந்துட்டுப் போய்க் கடல்ல வீசிருவோம்."

"வீசுங்கடா. அப்படியே நீந்தி எங்கம்மாகிட்ட போயிருவேன்," என்றான் ஜின்தே.

எல்லோரும் சிரித்தார்கள். நாலாவது தடவை படகு கவிழ்ந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... அப்புறம் சத்தமில்லை. மன்சு யோசிக்கவில்லை. குரலை மாற்றி, "நாலு!" என்று கத்தினான். ஐந்து வந்தது. தன் குரலில் "ஆறு!" என்றான். ஒன்பது வினாடியில் முடிந்தது. நண்பன் மேலிருந்த பாசம் பாதி, கழுத்து வலி பாதி. அவன் இப்போதும் அதை அப்படித்தான் சொல்கிறான்.

கரையில் அன்று முதல் முறையாக அவர்கள் குழுவைப் பாராட்டினார்கள். உட்காரச் சொன்னார்கள். மன்சு திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஜின்தே இல்லை. பின்னால் வருவான் என்று நினைத்தான். மூன்று நிமிடம் ஆனது. கேட்டால் குரலை மாற்றியது வெளியே வந்துவிடும். மறுபடி படகு, மறுபடி ஆறு பேரின் வசவு. இப்போது வந்துவிடுவான், இப்போது வந்துவிடுவான் என்று உட்கார்ந்தே இருந்தான்.

பதினொன்றாவது நிமிடம் அடுத்த குழு படகை நிமிர்த்தியது. ஜின்தே அதற்கடியில்தான் இருந்தான், காலில் கயிறு சிக்கி.

விசாரணை நடந்தது. நாலாம் எண் கேட்டதா என்று எல்லோரையும் கேட்டார்கள். கேட்டது என்று சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதனால் ஜின்தே வெளியே வந்து எண் சொன்னான், பிறகு ஓர் அலை அவனைத் திரும்பப் படகுக்கடியில் தள்ளிவிட்டது, ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்று எழுதினார்கள். அவன் அம்மாவிடமும் அதையே சொன்னார்கள். மன்சு வாயைத் திறக்கவில்லை. படையை விட்டும் போகவில்லை. படகுப் பயிற்சிக்கே ஆசிரியராக வந்து, பத்தொன்பது வருடம் ஒவ்வொரு முறையும் தன் கண்ணால் ஏழு தலைகளை எண்ணினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் புதன்கிழமை.

மறுநாள் பெரிய ஒத்திகை. கப்பல்கள், தேர் போல ஊர்ந்து வரும் கவச வண்டிகள், மேடையில் பெரிய மனிதர்கள் எல்லாம் உண்டு. பயிற்சியை முடித்தே ஆக வேண்டும். காலையிலிருந்து கடல்பனி. எங்கள் கரையில் ஜூனில் அது வழக்கம்தான். ஆனால் அன்று என் கடை வாசலிலிருந்து முகாமின் கதவே தெரியவில்லை. நிறுத்தியிருக்கலாம். மன்சு நிறுத்தவில்லை. அதற்காக அவனை நான் திட்டியிருக்கிறேன்.

8.40. பையன்கள் படகைத் தலையில் தூக்கினார்கள். "சார், இன்னைக்குப் படகு ரொம்பக் கனமா இருக்கு," என்றான் ஒருவன். "உன் தலைல ஒண்ணுமில்லாததால அப்படித் தெரியுது," என்றான் மன்சு.

9.05. மணலில் எண்ணிக்கை ஒத்திகை. நாலு மட்டும் இரண்டு முறை கேட்டது. ஒன்று உரக்க. இன்னொன்று கொஞ்சம் பின்னால், மெதுவாக.

"எவன்டா விளையாடுறது?"

 மறுபடி எண்ணச் சொன்னான். சரியாக வந்தது.

9.52. கடலில் இறங்கினார்கள். மன்சு தனியாகச் சின்ன மோட்டார் படகில் பின்னால் போனான். வெள்ளை. எங்கும் வெள்ளை. பத்தடி தாண்டினால் ஒன்றுமில்லை. ஏழாமவன் பின்னால் திசை பிடிக்க, இடப்பக்கம் மூன்று துடுப்பு, வலப்பக்கம் மூன்று துடுப்பு. சளக்... சளக்... சளக். அவன் காது அதற்குப் பழகியது. வலப்பக்கம் ஒன்று கூடுதலாக விழுந்தது.

மோட்டாரை நிறுத்தினான். கேட்டான்.

மூன்றுதான்.

10.17. விசில் ஊதினான். ரப்பர் தண்ணீரில் அறையும் சத்தம். படகு கவிழ்ந்தது.

பனியில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

"ஒண்ணு!"

"ரெண்டு!"

"மூணு!"

"நாலு!"

"அஞ்சு!"

"ஆறு!"

"ஏழு, முடிஞ்சது!"

ஒன்பது வினாடி.

"கரைக்குப் போங்க!" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

டொக். டொக். டொக். டொக்.

கவிழ்ந்த படகின் உள்ளேயிருந்து.

"யாருடா தட்டுறது?"

"யாரும் தட்டல சார்!" பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

டொக். டொக். டொக். டொக்.

 அலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்...

அப்போது காதருகே... மிக அருகே... தெற்குத் தீவுப் பேச்சில்...

"நான் இன்னும் வெளிய வரலடா, மன்சு."

முகாமில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது.

குதித்தான்.

படகுக்கடியில் இருட்டு. கையால் துழாவினான். ஒரு பூட்ஸ். கணுக்காலைச் சுற்றிக் கயிறு. கத்தியால் அறுத்தான். இழுத்தான்.

10.19. வெளியே வந்தது நாலாம் எண், பியோன் ஹாரம் என்ற பையன். உதடு நீலம். இருமினான். கடல் தண்ணீரைக் கக்கினான். உயிர் இருந்தது.

"சார்... அவரையும் எடுங்க சார்."

"யாரை?"

"உள்ள இன்னொருத்தர் இருக்காரு சார். என் தாடையைத் தூக்கிப் பிடிச்சிட்டிருந்தாரு."

படகை நிமிர்த்தினார்கள்.

யாருமில்லை.

ஒவ்வொருவனையும் தோளைத் தொட்டு எண்ணினான் மன்சு. ஏழு. மறுபடி தொட்டு எண்ணினான். ஏழு.

கரைக்கு வந்து, கம்பளி போர்த்தி, ஹாரமைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டான். பையன் தெளிவாகவே சொன்னான். உள்ளே ஒரு சாண் காற்று இருந்ததாம். கயிறு இழுத்ததில் மூக்கு அதுவரை எட்டவில்லை. யாரோ தாடைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார்களாம். கை சில்லென்று இருந்ததாம்.

"நான் கத்தப் போனேன் சார். 'கத்தாதே, கேக்காது. நான் கத்திப் பார்த்துட்டேன்'னு சொன்னாரு. அப்புறம் அவரே படகைத் தட்டினாரு. ரொம்ப நேரம் தட்டினாரு சார்."

"ரெண்டு நிமிஷம்தான்டா உள்ள இருந்தே."

"இல்ல சார். ரொம்ப நேரம்."

மூன்றாம் எண் நோ சுங்மின் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தான். கேட்காமலே சொன்னான். "நான்தான் சார் நாலு சொன்னேன். அவன் எப்பவும் லேட்டு. இன்னைக்கும் படகு சுமந்தா நாளைக்கு ஒத்திகைல அவனால நிக்க முடியாதுன்னு... சொல்லிட்டேன் சார். என்னை அடிங்க சார்."

அடிக்கத்தான் எழுந்தான் மன்சு. அடிக்க முடியவில்லை. முப்பத்தொன்பது வயது ஆள், பயிற்சிப் பையன்கள் முன்னால் மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். ஏன் அழுகிறார் என்று ஒருவனுக்கும் புரியவில்லை.

இதுதான் அவன் என்னிடம் சொன்னது. சூப் ஆறிப்போனது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஜின்தே அம்மா உயிரோட இருக்காளாடா?"

"இருக்காங்க, சின்னம்மா."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே? அங்க போ."

"போய் என்னன்னு சொல்றது? ஒரு நொடியில போயிட்டான்னு நினைச்சு இத்தனை வருஷம் இருந்துட்டாங்க. அந்த நிம்மதியையும் பிடுங்கச் சொல்றியா?"

"அந்த நிம்மதி அவளுக்கா, உனக்கா?"

 சனிக்கிழமை காலை முதல் பஸ் ஏறினான். ஐந்து மணி நேரப் பயணம், பிறகு படகு.

அவள் கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாளாம். எழுபதைத் தாண்டியவள். இவன் யாரென்று சொன்னதும் உட்கார ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். இவன் உட்காரவில்லை. மண்டியிட்டான். நாலு சொன்னது தான்தான் என்று ஆரம்பித்து, கரையில் வாயை மூடிக்கொண்டிருந்தது வரைக்கும் சொன்னான். புதன்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை. வயதானவளைப் பேய் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறான்.

 அவள் இப்படிச் சொன்னாளாம்:

"பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி அவன் கையைப் பிடிச்சுப் பார்த்தேன், தம்பி. விரல் முட்டியில தோலே இல்ல. ரெண்டு கையிலயும். எலும்பு தெரிஞ்சுது. என்னய்யா இதுன்னு கேட்டேன். மணல்ல உரசியிருக்கும்னு சொன்னாங்க. மணல் உள்ளங்கையை விட்டுட்டு முட்டியை மட்டுமா உரசும்?"

 அந்தக் காயத்தைப் பற்றி மன்சுவுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. படகு நிமிர்ந்தபோது அவனைக் கிட்டே விடவில்லை. பத்தொன்பது வருடமாக அவனும், அலை இல்லாவிட்டால் மயக்கம், எப்படியும் சட்டென்று போயிருப்பான் என்றுதான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். காற்று இருந்திருக்கிறது. ஜின்தே கத்தியிருக்கிறான். கத்தி ஓய்ந்து, தட்டியிருக்கிறான். தோல் போகும்வரை தட்டியிருக்கிறான். அந்த நேரத்தில் இவன் கரையில் உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"பதினோரு நிமிஷம்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெளியே கடலைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தானாம். அவள் கேட்டது வேறு.

"அன்னைக்குக் காலையில அவன் சாப்பிட்டானா?"

அன்று காலை அந்த ஏழு பேருக்கும் சாப்பாடே கிடையாது. முந்தின நாள் எண்ணிக்கையில் பிந்தியதற்காக, சாப்பாட்டு நேரம் முழுக்கப் படகைச் சுமக்க வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றோடுதான் கடலில் இறங்கினார்கள்.

"சாப்பிட்டான்மா," என்றான் மன்சு. "கடல்பாசி சூப்பு. ரெண்டு கிண்ணம்."