கூரைக்கு அடியில நிக்கிற காருக்கு எதுக்கு ரெயின்கோட்?

எங்க அக்காவோட பச்சைக் காருக்கு ஒரு கவர் தைக்கணும்னு அவ மகன் என் கடைக்கு வந்து நின்னப்பவே எனக்கு எரிச்சல்தான். வந்தவன் உக்காரக்கூட இல்ல. காரோட சாவியை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே, "சித்தி, இருக்கறதுலயே கனமான துணியா பாருங்க. சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. ஒரு தடவை மூடினா வருஷக்கணக்கா திரும்பிப் பாக்க வேண்டாம், அந்த மாதிரி வேணும்"னான்.

நான் சீட் கவரும் கார் கவரும் தைச்சே தலை நரைச்சவ. எனக்கு இவன் துணி சொல்லித் தர்றான்!

"ஏண்டா, வண்டி எங்க நிக்குது?"

"வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில. போன வாரம்தான் உள்ள ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன்."

"கொட்டகைக்குக் கூரை இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் கூரைக்கு அடியில நிக்கிற காருக்கு எதுக்குடா ரெயின்கோட்?"

சிரிக்கக்கூட இல்ல அந்தத் தடியன். "அது இப்ப கிளாசிக் கார் சித்தி. அழியாம இருக்கணும்ல"ன்னான். கிளாசிக்காம் கிளாசிக்! நேத்து வரைக்கும் 'டப்பா'ன்னு சொன்ன வாய்தான் அது.

கிளாசிக்கோ டப்பாவோ, அந்தக் கார்லதான் எங்க அக்கா இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்தா. ஒத்தைக் காரை வெச்சு ஒரு டிரைவிங் ஸ்கூல். ஓட்டப் பழகுறவங்க ஸ்டியரிங் முன்னாடி உக்காருவாங்க, இவ பக்கத்து சீட்டுல. இவ காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் தனியா உண்டு. எதிர்ல லாரி வந்தா பழகுறவன் 'ஐயோ'ங்கறதுக்குள்ள இவ மிதிச்சிருப்பா. அதனால ஊர்ல எல்லாருக்கும் அவ 'பிரேக் அக்கா'. யார் வந்து ஏறினாலும் மொத வார்த்தை, "மொதல்ல கண்ணாடி." அந்தக் காலத்துக் காருல்ல, வெளியில ஒரே ஒரு கண்ணாடிதான், ஸ்டியரிங் பக்கம். அதைச் சரி பண்ணாம சாவியைத் தொட்டா தொலைஞ்சோம். நானும் ஒரு தடவை பழகப் போனேன். அவ போட்ட சத்தத்துல நடு ரோட்டுல கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துட்டேன். அதோட சரி. காருக்குத் துணி தைப்பேன், காரை ஓட்டத் தெரியாது.

அப்படிப்பட்டவ குளியலறையில வழுக்கி விழுந்தா. தொடை எலும்பு ஒடைஞ்சு, கம்பி வெச்சு, எல்லாம் ஒட்டிடுச்சு. ஆனா வலது பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்கல. "தினமும் நடங்க, நடக்க நடக்கத்தான் வரும்"னார் டாக்டர். இவ நடக்கல. ஜன்னல் ஓரக் கட்டில்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்தவ, உக்காந்தவதான்.

இப்ப இவன் வந்து வருஷக்கணக்கா மூடி வைக்கக் கவர் கேக்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"இங்க பாருடா. தண்ணி உள்ள போகாத துணின்னா, உள்ள இருக்கிற ஈரமும் வெளிய வராது. தரையிலேர்ந்து ஏறுற ஈரம் அத்தனையும் கவருக்கு அடியிலயே வேர்த்து நிக்கும். ஒருத்தர் இப்படித்தான் ஆசை ஆசையா பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி வெச்சார். பிரிச்சா பெயிண்ட் பூரா கொப்புளம், கதவு அடியெல்லாம் துரு. பருத்தித் துணி போதும். உள்ள மெத்துனு ஃபிளானல் வெச்சுத் தைச்சுத் தர்றேன், வண்டி மூச்சு விடும். என்ன, வாரா வாரம் கழட்டி உதறி, காத்தாட விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடணும்."

"வாரா வாரம் யாரு வந்து கழட்டுவா?"

"உங்கம்மா கழட்டுவா."

அவன் சாவி சுத்தறதை நிறுத்திட்டுத் தரையைப் பாத்தான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏண்டா, அவ இனிமே எழுந்திரிக்கவே மாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்டியா? பெத்தவளை இப்படித் தண்ணி தெளிச்சு விடுவாங்களாடா?"ன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பாத்தார்.

அவன் திட்டை முழுசா வாங்கிக்கிட்டு மெதுவா சொன்னான். "நானா சித்தி கேக்கறேன்? அம்மாதான் சொல்லி அனுப்பினாங்க. 'ஜன்னலைத் திறந்தா அது தெரியுது, என் கண்ணுலயே படாத மாதிரி மூடு'ன்னாங்க."

அளவு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டுக் கடையைச் சாத்திட்டு நேரா அக்கா வீட்டுக்குப் போனேன்.

ஜன்னலுக்குத் திரை போட்டு அறையே இருட்டா இருந்துச்சு. நடக்கறதுக்குன்னு வாங்கின வாக்கர் மூலையில நின்னுச்சு, அதுல ஒரு துண்டு காயுது. அதைப் பாத்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போச்சு.

"துண்டு காயப் போடத்தான் இதை வாங்கினியா?"

"வந்ததும் ஆரம்பிக்காதடி. கவர் தைக்க முடியுமா, முடியாதா?"

"என்ன அவசரம்? கார் உன்னை என்ன பண்ணுச்சு?"

"பெடல் மிதிக்க முடியாதவளுக்குக் கார் எதுக்குடி?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரே, நடந்தியா நீ?"

"உனக்கென்ன? ரெண்டு காலும் நல்லா மெஷின் மிதிக்குது, வாய் கிழியப் பேசற."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அழுதா அவ முன்னாடி மானம் போயிடும், அதனால கத்தினேன். அவளும் கத்தினா. கடைசியில, "உன்னால முடியலன்னா வேற கடையில வாங்கிக்கறேன்"னா. என் கூடப் பொறந்தவ, என் தொழிலை வெச்சே என்னைக் குத்தறா! "வேற கடைக்குப் போனா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுக் கொட்டகைக்குப் போய் அளவெடுத்தேன். முன் பம்பர்லேர்ந்து பின் பம்பர் வரைக்கும், பானெட் வளைவு, கூரை வளைவு, கண்ணாடி எவ்வளவு துருத்திக்கிட்டு நிக்குது, எல்லாம். காரையும் சேத்துத் திட்டிக்கிட்டேதான் எடுத்தேன்.

அவ கேட்ட கவரை நான் தைக்கல. பருத்தித் துணியை எடுத்தேன், ஃபிளானலை எடுத்தேன். வாரா வாரம் கழட்டியே ஆகணும், கழட்டலன்னா பூஞ்சை பிடிக்கும். வேணும்னே அதைத்தான் தைச்சேன். ஒவ்வொரு தையலுக்கும் அவளை ஒரு வார்த்தை திட்டினேன். கண்ணாடிக்குன்னு ஒரு பை தைச்சு மாட்டறப்பவும் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

தைச்சு முடிச்சதும் எடுத்துக்கிட்டுப் போய், நானும் அவ மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக் காருக்கு மேல போத்தினோம். கீழ எலாஸ்டிக்கை இழுத்து மாட்டினேன். ஒரு பக்கம் துணி உள்ளேர்ந்து முட்டிக்கிட்டு விறைச்சு நின்னுச்சு. இன்னொரு பக்கம் வெறும் பை தொங்குது. நான் என்னடா இதுன்னு யோசிக்கறதுக்குள்ள ஜன்னல் திரை சர்ருனு விலகுச்சு.

"ஏய்! கண்ணாடி எந்தப் பக்கம்டி இருக்கு?"

கவர் தைக்கறப்ப துணியோட உள்பக்கத்தை மேல போட்டுத்தான் குறி போடுவோம். அப்ப இடது வலதாகும், வலது இடதாகும். புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்லிக்குடுக்கறதே அதைத்தான். கோவத்துல நானே கோட்டை விட்டுட்டேன். ஆனா அவகிட்ட ஒத்துக்குவேனா?

"எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்ன? கண்ணுல படாம மூடச் சொன்ன, மூடியாச்சு. பேசாம திரையைப் போட்டுட்டுப் படு!"

"அடிப் பாவி, இறுக்கி இறுக்கிக் கண்ணாடியை ஒடைச்சிடுவடி! கழட்டு!"

"மாட்டேன். வேணும்னா நீ வந்து கழட்டு!"

ஜன்னல்ல ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்துல வீட்டுக்குள்ள டக்குனு ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு டக். அவ மகன் ஓடப் பாத்தான். சட்டையைப் பிடிச்சு நிறுத்தினேன். "அசையாத"ன்னேன்.

பின்கதவைத் திறந்துக்கிட்டு வந்தா எங்க அக்கா. வாக்கர்ல அந்தத் துண்டு அப்படியே தொங்குது. வலது பாதத்தை இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தா. காருக்குப் பக்கத்துல வந்ததும் கவரைப் பிடிச்சு ஒரே இழுப்பு. மடங்கிக் கெடந்த கண்ணாடியை நேராத் திருப்பி, துண்டை எடுத்துத் துடைச்சா. துடைச்சுக்கிட்டே அதுல தன் மூஞ்சியைப் பாத்தா.

அப்புறம் காரைப் பிடிச்சுக்கிட்டே சுத்தி அந்தப் பக்கம் போனா, அவ வழக்கமா உக்கார்ற சீட்டுக்கு. கதவைத் திறந்து உக்காந்து, கையால வலது காலைத் தூக்கி உள்ள வெச்சா. கீழ இருக்கிற பிரேக்கை வலது பாதத்தால மிதிக்கப் பாத்தா, வரல. இடது காலை அதுமேல வெச்சு அழுத்தினா. பெடல் உள்ள போச்சு. இன்னொரு தடவை மிதிச்சா.

"சாவி"ன்னு மகன்கிட்ட கையை நீட்டினா. வாங்கி என்கிட்ட விட்டெறிஞ்சா. "ஏறுடி."

"எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"தெரிஞ்சவங்களுக்கா சொல்லிக்குடுத்தேன் இத்தனை வருஷம்? ஏறு. மொதல்ல கண்ணாடி."

ஏறினேன். கண்ணாடியைச் சரி பண்ணேன். சாவியைத் திருப்பினேன். என்னத்தை மிதிச்சேனோ, வண்டி ஒரே தாவா தாவுச்சு. அவ இடது காலால அடிச்சா பாருங்க பிரேக், கொட்டகைச் சுவருக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு வண்டி. தெரு முனை வரைக்கும் கேக்கற மாதிரி என்னைத் திட்டினா. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு, கண்ணுலேர்ந்து தண்ணியும் கொட்டுச்சு. இந்தத் தடவை கதவைத் திறந்து இறங்கல.

"அழுதுக்கிட்டு வண்டி ஓட்டாத, ரோடு தெரியாது"ன்னு துண்டைத் தூக்கி என் மடியில போட்டா. "அந்தப் பையைப் பிரிச்சு சரியான பக்கம் தைச்சு வெய். ஞாயித்துக்கிழமை வந்து நானே கழட்டிப் பாப்பேன்."