ஈரப் படங்களை ஏற்றிக்கொண்ட கண்டக்டர்

செல்லமுத்து போய்விட்டார். சற்று முன்தான் அவர் மகள் போன் செய்தார்... காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே.

இந்த ஆறு மாதமாக வரைந்த நிலக்காட்சிகளைப் பற்றி எழுதத்தான் இன்று போனைக் கையில் எடுத்திருந்தேன். அவரை விட்டுவிட்டு அந்தப் படங்களைப் பற்றி எழுத முடியாது.

எழுபதுகளின் கடைசி. நான் திருச்செங்கோட்டில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். ஞாயிறானால் முதல் பஸ் பிடித்து சேந்தமங்கலம் பக்கம் போய், கொல்லிமலை தெரிகிற ஏதாவது ஒரு சோளக்காட்டு ஓரம் படம் வரைகிற ஸ்டாண்டை நிறுத்திவிடுவேன்.

அந்தத் தனியார் பஸ்ஸில் செல்லமுத்து கண்டக்டர். இரண்டு பேருக்கும் ஒரே வயது, இருபத்தாறு.

ஆயில் பெயின்ட்டில் ஒரு தொல்லை. காய நாலைந்து நாளாகும். போகும்போது வெறும் கான்வாஸ்... திரும்பும்போது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் படம். அதுவும் ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில்.

முதல் நாள் கேட்டார். "ஏனுங்க சார், அது கண்ணாடிங்களா?"

"படங்க. இன்னும் காயல."

"நாள் பூரா வெயில்லதானுங்க இருந்தீங்க. இன்னுமா காயல?"

கேட்டுக்கொண்டே அதை விளிம்பில் பிடித்து வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தினார். பிறகு வாராவாரம் அதுதான் இடம். என் படங்களை முதலில் பார்க்கிற ஆளும் அவர்தான்.

ஒருமுறை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கரண்ட் கம்பம் எங்கீங்க?" என்றார். படத்துக்கு அழகாக இருக்காது, விட்டுவிட்டேன் என்றேன். "அது இல்லாட்டி எந்த ஸ்டாப்புன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அடுத்த வாரம் கம்பத்தோடு வரைந்தேன்.

அப்புறம் அந்த ஞாயிறு.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் ஒருவர், நாமக்கல்லில் பெண் பார்க்கப் போகிறவர், கூட்டம் தள்ளியதில் என் படத்தின் மேல் சாய்ந்துவிட்டார். தொடையிலிருந்து முழங்கால் வரை பச்சை. என் சோளக்காடு முழுக்க அவர் வேட்டியில்.

"இந்தக் கோலத்துல நான் எப்படிப் போறது? அந்தச் சனியனத் தூக்கி வெளிய வீசுங்க."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

செல்லமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அங்க வெச்சது நானுங்க. சார் மேல தப்பு இல்லீங்க. பேசறதா இருந்தா என்னைப் பேசுங்க."

வேட்டிக்காரரும் பேசினார். நன்றாகவே பேசினார். செல்லமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

நாமக்கல் ஸ்டாண்டில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். தன் பையிலிருந்து துவைத்து வைத்திருந்த சொந்த வேட்டியை எடுத்து நீட்டினார். டீக்கடைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு, அந்த மனிதர் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து படத்தைக் கத்தியால் சுரண்டிப்போட்டேன். ஸ்டாண்டையும் பெயின்ட் பெட்டியையும் கட்டிலுக்கடியில் தள்ளினேன். இனி வெளியே போய் வரைவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

மூன்று ஞாயிறு போனது. நாலாவது வாரம், அவருடைய லீவு நாளில், வாசலில் செல்லமுத்து. தலையில் ஒரு மரப்பெட்டி.

"என்னங்க சார், ஆளையே காணோம்? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

லாரி பாடி கட்டுகிற பட்டறையில் அவர் மச்சான் வேலை செய்தார். மிச்சப் பலகையில் செய்த பெட்டி. உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாகக் காடி... படத்தைச் சொருகினால் விளிம்பு மட்டும் பிடிக்கும், மேல்பக்கம் எதிலும் படாது.

ஆசையாக என் கான்வாஸை எடுத்து வந்து சொருகிப் பார்த்தேன். நுழையவில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "டிரைவர் சீட்டுக்குப் பொறகால இருக்கற எடத்த அளந்தனுங்க. உங்க படத்த அளக்க மறந்துட்டனுங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

போகும்போதுதான் சொன்னார். "அந்த வேட்டிக்காரருக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சுங்க. வேட்டியத் துவைச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

மறுநாளே என் கான்வாஸ் சட்டங்களைப் பெட்டிக்குத் தகுந்தபடி அறுத்துச் சின்னதாக்கினேன். அந்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

இன்றுவரை என் நிலக்காட்சிகள் அதே அளவுதான். இந்த ஆறு மாதத்துப் பதினோரு படமும்.

வெள்ளைக் கான்வாஸில் நேராக ஆரம்பிப்பதில்லை. செம்மண் நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முதல் பூச்சு... அது காய்ந்தபின், மேலே போகப் போகத்தான் லின்சீட் ஆயிலைக் கூட்டுவேன். அடியிலேயே எண்ணெய் அதிகமானால் பிற்பாடு மேல் பூச்சு வெடிக்கும்.

தூரத்து மலைக்கு டியூப் நீலத்தை அப்படியே வைப்பதில்லை. முன்னால் கிடக்கிற காட்டு மண்ணின் நிறத்தில் துளி சேர்த்தால்தான் அது கொல்லிமலை. கம்பங்களை விடுவதில்லை.

போன மாதம் புதுப் படம் ஒன்றை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அறுப்பு முடிந்த காடு, மேற்கே கறுத்துத் திரளுகிற மேகம். வாசலில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மழ வாரதுக்குள்ள கெளம்புங்க சார். நேரத்தோட ஊடு போய்ச் சேருங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். பளீரென்று வெயில்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்... முகத்தில் சிரிப்பு. "பல்லுத்தான் போச்சு, நக்கலு போவலீங்க" என்றார் அவர் மனைவி, டீயைக் கொடுத்தபடி.

படத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மதியம் எடுக்கிறார்களாம். கிளம்புகிறேன்.

நல்லபடியாப் போய்ட்டு வாங்க, செல்லமுத்து.