வடக்குச் சுவரில் நான்கு வரி

கோர்பினியன் ஹாஸ்லர் பிறந்த வருடம்தான் அந்தக் கட்டடத்தையும் கட்டி முடித்தார்கள். அறுபத்தெட்டாவது வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். கட்டடம் இன்னும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது.

மியூனிக்கில் ஹிட்லரின் கட்சி தனக்கென்று எழுப்பிக்கொண்ட மாளிகைகளில் அது சின்னது. குண்டுவீச்சில் எதிரே இருந்த தேவாலயம் தரைமட்டமானது. இதற்கு ஜன்னல் கண்ணாடிகள் மட்டும்தான் போயின. எதை எங்கே போடவேண்டும் என்று குண்டுக்குத் தெரியவா போகிறது? சண்டை முடிந்ததும், வாசலுக்கு மேலே இருந்த கல் கழுகின் காலடியிலிருந்து கட்சிச் சின்னமான கொக்கிச் சிலுவையை, அந்த ஸ்வஸ்திகாவை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, உள்ளே நில அளவை அலுவலகத்தைக் குடிவைத்தார்கள். எழுபதாம் வருடத்திலிருந்து நான் அங்கே பதிவேட்டுப் பிரிவில் இருந்தேன். மழை நாட்களில் அந்தக் கழுகுக்குக் கீழே நின்றுதான் குடையை உதறுவேன். அதைப் பற்றி ஒருநாளும் எதுவும் தோன்றியதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செதுக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை போலும். வாசல் மண்டபத்தின் கூரையில், சிவப்பும் பச்சையுமான சின்னச் சின்னக் கற்களில், அதே கொக்கிச் சிலுவை கைகோத்துக்கொண்டு வரிசையாக ஓடுகிறது. எழுபத்தொன்பதில் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் வந்து, பாதுகாக்கவேண்டியவை என்று ஒரு பட்டியல் போட்டார். கூரைக் கற்கள், பளிங்குப் படிகள், கழுகு, கதவின் பித்தளைக் கைப்பிடிகள்கூட அதில் இருந்தன. நிலவறை இல்லை. அங்கே கொதிகலனும் குழாய்களும்தானே என்று அவர் படி இறங்கவேயில்லை.

ஹாஸ்லர் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். அறுபத்து நான்கில் சேர்ந்தார். அப்பா ரஷ்யாவில் செத்தார், மனைவி வால்புர்கா எண்பதில் போனாள், பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு எல்லாம் அந்தக் கட்டடம்தான். அலுவலகத்து இளசுகள் அவரை நிலவறைப் போப் என்று கேலி செய்வார்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் பணிக் குறிப்பேட்டில் எழுதுவார்; பல்பு மாற்றினால்கூட எத்தனை வாட் என்று எழுதுவார். பொய்யாக ஒரு வரி எழுதியவர் இல்லை. பட்டியலில் உள்ளதை அந்த அதிகாரி சொன்னபடியே பேணினார். வருடா வருடம் ஏப்ரலில் சாரம் கட்டி ஏறி, ஆட்டுமுடித் தூரிகையால் கூரைக் கற்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பட்டியலில் இல்லாததை, தன் மனசுப்படி சுத்தமாக வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஒரு அம்மாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அறுபதை நெருங்கும் வயது, கறுப்புக் கோட்டு. பெயர் எர்மினியா ஸ்கார்பா. இத்தாலியின் வடக்கே மலைக் கிராமத்துக்காரி. இருபது வருடம் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை நடத்தியவள், அதனால் எங்கள் மொழி சரளமாக வந்தது. கொதிகலன் அறையைப் பார்க்கவேண்டும் என்றாள். நான் ஹாஸ்லரை மேலே வரச் சொன்னேன்.

"அங்க என்னங்க இருக்கு பாக்க?" என்றார் அவர். "சுத்தமாத்தான் இருக்கு."

"சுவரைப் பாக்கணும்" என்றாள் எர்மினியா. "எங்கப்பா ஒத்தாவியோ, அவர் தம்பி துல்லியோ, ரெண்டு பேரும் சிப்பாயுங்க. நாப்பத்து மூணுல இத்தாலி ஹிட்லரை விட்டு விலகினதும் உங்க ஆளுங்க பிடிச்சுக்கிட்டு வந்து இங்க வேலை வாங்கினாங்க. நிலக்கரி தூக்குறது, வெடிக்காத குண்டைத் தோண்டுறது. படுக்கை இதே நிலவறையிலதான். அந்தக் குளிர்காலத்துல நாலு பேரு செத்தாங்க. நாலாவது ஆளு எங்க சித்தப்பா. அப்பா ஆணியால நாலு பேரோட பேரையும் சுவர்ல கீறி வச்சிருக்காரு. அம்பது வருஷமா வாயே தெறக்கல. போன மாசம், சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் சொன்னாரு."

"பேரைப் பாத்துட்டுப் போகணும், அவ்வளவுதானே?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான் இல்லீங்க. எங்க ஊர்ல போர்ல செத்தவங்க பேரையெல்லாம் ஒரு கல்லுல வெட்டியிருக்கு. சித்தப்பா பேரு மட்டும் இல்ல. அவரு ஓடிப்போயிட்டாரு, ஜெர்மன்காரி எவளையோ சேத்துக்கிட்டு சொகமா இருந்தாருன்னு பேச்சு. எங்க பாட்டி அதைக் கேட்டுக் கேட்டே செத்தாங்க. அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்துட்டு வா, பேரை வெட்டறோம்னு நகராட்சியில சொல்லியிருக்காங்க."

ஹாஸ்லரின் முகம் சுண்டிப் போயிற்று. "எந்தப் பக்கத்துச் சுவரு?"

"வடக்கு. கொதிகலனுக்குப் பின்னாடி, இடுப்பு உயரத்துல."

அவர் கீழே போய், எண்பத்தாறாம் வருடத்துக் குறிப்பேட்டோடு திரும்பி வந்து, பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். வாய்விட்டு நான்தான் படித்தேன். 'புதுக் கொதிகலன் வைப்பதற்காக வடக்குச் சுவர் சீரமைப்பு. ஆணிக் கிறுக்கல், நான்கு வரி. பொர்த்தோலோ ஃபாய்ன் என்று ஒரு பெயர், மேலும் மூன்று. பழைய பூச்சு செங்கல் வரை கொத்தி எடுக்கப்பட்டது. புதுப் பூச்சு, இரண்டு கை வெள்ளை.'

"மேல பூசினதுதானே?" என்றாள் எர்மினியா. "சுரண்டினா அடியில இருக்கும்ல?"

"நான் எதையும் மேலோட்டமா செஞ்சதில்லீங்க" என்றார் ஹாஸ்லர்.

இருந்தாலும் கீழே போனோம். உளியை எடுத்து, இடுப்பு உயரத்தில் ஒரு கை அகலத்துக்குக் கொத்தினார். செங்கல்தான் வந்தது. பக்கத்தில் கொத்தினார், அங்கேயும் செங்கல். வேறு எந்தச் சோம்பேறியாக இருந்தாலும் மேலே ஒரு கை வெள்ளையை அடித்துவிட்டு பீர் குடிக்கப் போயிருப்பான். நாலு பெயரும் அடியில் பத்திரமாக இருந்திருக்கும். கடைசியில் எர்மினியாவே அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மத்த மூணு பேரும் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் படிக்கலீங்க. வாசிக்கணும்னு தோணல. கரி தூக்கறவனுங்க கிறுக்கினதுன்னு நெனச்சேன்."

அவள் மேலே வந்தாள். வாசல் மண்டபத்தில் கையுறையை மாட்டிக்கொண்டே தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் கூரை முழுக்க மின்னிக்கொண்டிருந்தது.

"இதை யாரு சுத்தம் பண்றது?"

"நான்தான்" என்றார் ஹாஸ்லர்.

"நல்லா வச்சிருக்கீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. இருபது வருடம் கடைக் கண்ணாடியைத் துடைத்தவள். துடைப்பது எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும். அவள் போன பிறகு ஹாஸ்லர் பளிங்குப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படியில் யாராவது உட்கார்ந்தால் விரட்டுகிற மனிதர். நான் என் அறைக்குப் போய், வந்தவளுக்காகக் கோப்பு ஒன்றைத் திறந்து, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலை நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஹாஸ்லர் வந்து நின்றார்.

"ஒரு சான்று அடிச்சுக் குடுங்கம்மா. எண்பத்தாறுல வடக்குச் சுவர்ல நாலு பேரு இருந்துச்சு, நாலாவது துல்லியோ ஸ்கார்பா, என் கண்ணால படிச்சேன்னு போடுங்க."

"நேத்து படிக்கலன்னு சொன்னீங்களே."

"அடிங்க."

அடித்தேன். அவர் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். அந்த மனிதர் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. எங்கள் ஊரில் அப்படியெல்லாம் செய்வதில்லை. முத்திரை குத்தி, கோப்பிலிருந்த தாள்களோடு சேர்த்து அன்றே அந்த நகராட்சிக்கு அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பணிவான கடிதம். சான்றளித்தவர் நாலு பெயரையும் படித்ததாகச் சொல்கிறார். ஆனால் இணைத்து அனுப்பிய பணிக் குறிப்பேட்டில் 'ஒரு பெயர், மேலும் மூன்று' என்றுதான் உள்ளது. இரண்டும் ஒத்துப்போகாததால் சான்றை ஏற்க இயலவில்லை.

இணைப்பு. எந்தச் சான்று வெளியே போனாலும் அதற்கு ஆதாரமான பக்கத்தைக் கூடவே வைத்து அனுப்புவது பதிவேட்டுப் பிரிவின் வழக்கம். இருபத்தேழு வருடப் பழக்கத்தில் என் கை அதைத் தானாகவே செய்திருக்கிறது. மூலத்தோடு சரிபார்க்கப்பட்டது என்று நகலின் ஓரத்தில் என் முத்திரை, அதற்குக் கீழே என் கையெழுத்து. யார் மேலும் பழி போட வழியில்லை. பிறகு அந்த ஊருக்கு நான்கு கடிதம் எழுதினேன். மூன்றுக்கு இதே பதில் வந்தது, நாலாவதுக்கு அதுவும் வரவில்லை. எர்மினியாவுக்கு ஒன்று எழுதினேன். அவள் பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

முதல் பதில் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். ஹாஸ்லர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். ரொட்டிக்கு நடுவே கடுகு தடவிய இறைச்சித் துண்டு. விரலைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, இரண்டு தடவை படித்தார்.

"நான்தான் கெடுத்தேன், ஹாஸ்லர்" என்றேன். "அந்தப் பக்கத்தை நான்தான் கூட வச்சேன். யோசிக்கவே இல்ல."

"வழக்கம் அதானேம்மா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க."

"சரியாத்தான் செஞ்சீங்க. நானும் எண்பத்தாறுல சரியாத்தான் செஞ்சேன்."

அவர் பின்னால் வடக்குச் சுவரில் பிப்ரவரியில் கொத்திய குழிகள் அப்படியே இருந்தன. பூசாமல் ஒரு சுவரை அவர் விட்டுவைத்ததை அன்றுதான் பார்த்தேன். மீதி ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தார். ஏப்ரல் மாதம் அது. மூலையிலிருந்த ஆட்டுமுடித் தூரிகையை எடுத்துக்கொண்டு, சாரத்தில் ஏற மேலே போனார்.