கோட்டில் நிற்காத ஷாப்ட்

நடந்தது இது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பீர்கள், என்றுவிட்டுப் போங்கள். முட்டத்தில் ஆன்ஸ்லின் என்று ஒருவன் இருக்கிறான். கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவன். அவன் இன்றும் மூச்சு விடுகிறானே, அதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

குலசேகரத்துக்குக் கீழே, ஆற்றோரம் ஒரு பம்ப் ஹவுஸ். பெயர் வேண்டாம். கடற்கரை ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. போன வருடம் அங்குள்ள மோட்டாரின் ஷாப்ட், அதாவது சுழலும் தண்டு, முன்னும் பின்னும் அடிக்கத் தொடங்கியது. நிறுத்திவிட்டார்கள். ஊர்களில் சனம் குடமும் கையுமாக அலைந்தது. பார்க்க வந்தவர் முட்டத்து ஃபிட்டர் ஜான்ரோஸ். மகன் பெனினை அடக்கம் செய்து நாற்பத்தொன்றாம் நாள் கூடக் கழியாத மனிதர். அழுகை இல்லை, பசி இல்லை. மரத்துப்போயிருந்தார்.

இந்த மாதிரி மோட்டாரில் ஷாப்ட் எண்ணெயில் மிதக்கும். ஒரு விரல் அகலம் நகர இடம் உண்டு. ஓடும்போது காந்தம் அதை இழுத்துத் தன் இடத்தில் நிறுத்தும். அந்த இடத்தைக் காட்ட ஷாப்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோளாறு எங்கே என்று அறிய, பம்போடு சேர்க்கும் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓட்ட வேண்டும். ஓட்டினார். ஷாப்ட் முன்பின் நகராமல் கோட்டிலேயே சுழன்றது. மோட்டார் சுத்தம். முன்பு யாரோ கோட்டைப் பார்க்காமல் கப்ளிங்கைப் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சரியாகப் பூட்டி ஓட்டினால் மத்தியானத்துக்குள் தண்ணீர் போய்விடும்.

இதற்குள் ஆன்ஸ்லின் வந்திருந்தான். கிணற்றுக்குள், பம்ப் தண்ணீர் உறிஞ்சும் வாயில் அடைத்த பாசியை எடுக்கக் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள். வாசலில் எட்டிப் பார்த்தான். கப்ளிங் கழன்று கிடந்தது. கப்ளிங் கழன்றால் பம்ப் ஓடாது என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் போடும் கணக்கு. யாரிடமும் சொல்லாமல் கிணற்றில் இறங்கிவிட்டான்.

மணி பன்னிரண்டேகால். உள்ளே ஜான்ரோஸ் கப்ளிங்கைப் பூட்ட முதல் போல்டைக் கையில் எடுத்தார். ஃபியூஸ் கழற்றியிருந்தது. ஷாப்டைக் கோட்டுக்குத் தள்ளினார்.

சர்ர்ர்... பின்னால் போனது.

மறுபடி தள்ளினார். மறுபடி போனது. சரிவோ என்று ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

“சிஜின், அந்தப் பக்கம் யாருடே?”

ஆபரேட்டர் சிஜின் சுற்றிப் பார்த்தான். “ஒருத்தரும் இல்லண்ணே.”

ரப்பர் மரக்கட்டையை வைத்து அழுத்தினார். எதிரே ஏதோ அழுத்தியது. பாரம் இல்லை... ஆள். தளர்ந்தது. மூச்சு வாங்கியது. மறுபடி அழுத்தியது.

பயம் வர வேண்டிய இடம். வரவில்லை.

ஷாப்டில் உள்ளங்கையை வைத்தார்.

சில்லென்று... ஈரம்.

எண்ணெய் இல்லை. தண்ணீர்.

“எனக்குப் பிடி கிட்டல மக்கா. கையக் கழுவிட்டு வாறேன்.”

வெளியே வந்தார். கிணற்றோரம் ஒரு ஜோடி செருப்பு. ஒரு கயிறு. குனிந்து பார்க்கும்போது ஆன்ஸ்லினின் தலை மேலே வந்தது.

“ஆளு இறங்குதுன்னு சொல்ல மாட்டியாலே!”

“கப்ளிங் கழண்டு கெடந்துதுல்லா அண்ணே...”

அவன் கரையேறியதும் ஷாப்ட் ஒரே தள்ளில் கோட்டில் நின்றது. பூட்டினார்கள். பம்ப் ஓடியது.

சாயங்காலம் சிஜின், ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ததேயுஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நடந்ததைக் கேட்டதும் அவர் சொன்னார்:

“எட்சன்னு ஒருத்தன்... இப்பிடித்தான் கப்ளிங்கப் பாத்துட்டு இறங்கினான். எங்களுக்குத் தெரியாது. பூட்டி ஓட்டிட்டோம். தண்ணி கொறஞ்சுது. பாசி அடச்சிருக்கும்னு மூணு நாளு ஓட்டினோம். பெறவு பாத்தா, வாயில அடச்சுக் கெடந்தது அவன்.”

“எந்த ஊருக்குப் போன தண்ணி?” ஜான்ரோஸ் கேட்டார்.

“முட்டத்துக்கு.”

வருடத்தையும் சொன்னார். அப்போது ஜான்ரோஸ் சவுதியில். மனைவி செசிலி போனில் அலுத்துக்கொண்டது இப்போது காதில் கேட்டது.

‘தண்ணி நூலு போல வருது. ஒரு நாத்தம் வேற. பெனினுக்குக் கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன்...’

மகனை அடக்கம் செய்த பிறகு முதல்முறையாக ஜான்ரோஸ் வாய்விட்டு அழுதார்.