அம்மா கேட்ட கொப்பி

எங்கள் தீவில் செத்தவீடு நடந்தால் ஐயருக்குச் சொல்ல மறந்தாலும் வீடியோக்காரருக்குச் சொல்ல மறக்க மாட்டார்கள். செத்தவரின் பிள்ளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். விசா கிடைக்காதவர், லீவு கிடைக்காதவர், வந்தால் திரும்பிப் போக ஏலாதவர் என்று பலவிதம். அவர்கள் இருந்த இடத்தில் இருந்து பார்த்து அழுவதற்காக, வாய்க்கரிசி போடுவதிலிருந்து பாடை வாசற்படலை தாண்டுவது வரை எல்லாவற்றையும் படம் பிடித்து, சீடி அடித்து அனுப்ப வேண்டும். உண்மையில் அது டிவிடி. ஆனால் எங்கள் ஊரில் வட்டமாக மினுங்குகிற எல்லாமே சீடிதான். கரம்பொன்னிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து அப்படிப் போனவற்றில் கனக்க என் கையால் போனவை. படம் பிடிப்பது வேறொருவர். அதை வெட்டி ஒட்டித் தட்டில் ஏற்றுவது நான். பகலில் பாடசாலைக் கந்தோரில் கடிதம், கணக்கு எழுதுகிற லிகிதர், பின்னேரத்தில் இந்த வேலை.

என்னிடம் இருந்தது பாடசாலை கழித்துவிட்ட ஒரு பழைய கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு வைத்திருந்தேன். ஊரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் களவுப் பிரதி. வைரஸ் புகுந்து கலியாணவீட்டுப் படங்களைத் தின்றுவிட, தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். உதவி செய்வேன், ஆனால் வாய் சும்மா இருக்காது. "இது ஆரோ எழுதி உலகத்துக்கே சும்மா குடுத்தது. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு திறந்து பார்க்கலாம். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது" என்று பிரசங்கம் வைப்பேன். என் மனைவி "தொடங்கீட்டார்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். இப்போது நான் அந்தப் பிரசங்கத்தை ஒருவருக்கும் வைப்பதில்லை.

ஊருக்கு அடித்ததை விட அம்மாவுக்கு அடித்த சீடிகள்தான் அதிகம். எனக்கு ஒரே ஒரு அண்ணை. ஐரோப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர். போய்ப் பதினெட்டு வருடமாகியும் அகதி வழக்கு முடியவில்லை, கலியாணமும் இல்லை, ஒருமுறைகூட வந்து போகவும் முடியவில்லை. அம்மாவுக்குக் காது மந்தம். போனில் கதைத்தால் "ஆர்? ஆர்?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். போனில் படம் காட்டினால், "என்ன இது, அவன்ர மூஞ்சை புளியங்கொட்டை மாதிரிக் கிடக்கு. பெட்டியிலை போட்டுவிடு" என்பார். பெட்டி என்றால் விறாந்தையில் இருந்த டிவி. அதன் ரிமோட்டில் ஒரேயொரு பொத்தானுக்கு என் மனைவி சிவப்பு நகப்பூச்சுப் பூசிக் கொடுத்திருந்தாள். சிவப்பை அழுத்தினால் பெரியவன் வருவான். அம்மாவுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

அண்ணையும் சளைக்காமல் எடுத்து அனுப்புவார். வெங்காயம் உரிப்பார், பனிக்குள் நடப்பார், "அம்மா, இஞ்ச பாருங்கோ, புட்டு அவிக்கிறன்" என்று நீத்துப்பெட்டியைத் தூக்கிக் காட்டுவார். போனில் வருகிற வீடியோவை அப்படியே தட்டில் போட்டால் எங்கள் பிளேயர் வாசிக்காது, அதற்கு விளங்குகிற மாதிரி மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாதமும் கையால் செய்ய அலுத்துப்போய், கணினிக்கு ஏழெட்டு வரிக் கட்டளை எழுதி வைத்தேன். அண்ணையின் போனிலிருந்து வருகிற வீடியோக்கள் 'அம்மாவுக்கு' என்ற கோப்புறையில் தானாக வந்து விழும். நான் ஒரு வரி தட்டினால், அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து, திகதிப்படி அடுக்கி, மாற்றி, சீடியில் எழுதிவிட்டு, எழுதினவற்றை 'முடிந்தது' என்ற இன்னொரு கோப்புறைக்குத் தள்ளிவிடும். அதை எழுதி முடித்த அன்று எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அண்ணை வேலைக் கடையின் குசினிக்குள்ளேயே விழுந்து செத்துப்போனார். மாரடைப்பு. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்தான் போன் எடுத்துச் சொன்னார்.

அம்மா முந்தின வருடம்தான் நெஞ்சுவருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவர். இதைச் சொன்னால் அம்மாவும் போய்விடுவார் என்று பயந்தோம். சொல்வதில்லை என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விசயத்தில் ஊர் வாயை மூடிக்கொண்டது. அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போனார்கள். படலையடியில் நின்று என் கையைப் பிடித்து அழுதார்கள்.

ஆனால் சாவுத் தீட்டான துடக்கை எப்படி மறைப்பது? எங்கள் வழக்கப்படி அண்ணன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, சாமியறையில் விளக்கு வைக்கக்கூடாது, வீட்டில் மீன்மச்சம் சமைக்கக்கூடாது. திடீரென்று மீனை நிறுத்தினால் அம்மா கேட்பார். அதனால் அண்ணை செத்து மூன்றாம் நாள் நான் விளைமீன் குழம்பு சாப்பிட்டேன். அம்மா முன்னால் இருந்து "முள்ளைப் பார்த்துச் சாப்பிடு" என்றார். கோயில் திருவிழாவுக்குப் போகாமல், இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று பொய் சொல்லி வீட்டில் நின்றேன். ஒன்றும் அறியாத அம்மா துடக்கு வீட்டுச் சாமியறையில் தினமும் விளக்கு வைத்தார். அந்தப் பாவம் எங்களைச் சேரட்டும் என்று மனைவி சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அறை நண்பர் பிறகு ஒருநாள் பேசினார். "செத்தவீட்டை வடிவாச் செய்தனாங்கள். முழுக்க வீடியோ எடுத்தனான். அவற்ற போனிலைதான் உங்கட நம்பர் கிடந்தது, அதிலையிருந்தே அனுப்பிவிட்டனான்" என்றார். நன்றி சொன்னேன். என் போனில் அண்ணையின் பெயருக்குக் கீழே அந்த வீடியோ வந்து கிடந்தது. நான் அதைத் திறக்கவில்லை. எத்தனை பேர் வீட்டுச் செத்தவீட்டைத் தேநீர் குடித்துக்கொண்டே வெட்டி ஒட்டினவன் நான். இதைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு பார்ப்போம் என்று போனை மூடி வைத்தேன்.

மாதச் சீடிக்கு நாள் வந்தது. "பெரியவன்ர சீடி இன்னும் வரேல்லையோ?" என்று அம்மா கேட்கத் தொடங்கிவிட்டார். முன்பு நீளம் என்றும் ஆட்டம் என்றும் நான் ஒதுக்கி வைத்த வீடியோக்கள் அண்ணையுடையவை கொஞ்சம் இருந்தன. அதில் நாலை எடுத்துக் கோப்புறையில் போட்டேன். ஒரு வரி தட்டினேன். சீடி வெளியே வந்ததும் முதலாவது வீடியோ ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஓடியது. அது ஒரு சனிக்கிழமை காலை. அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் ஊர்காவற்றுறைக்குப் போனேன். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது டிவி நிறுத்திக் கிடந்தது. அம்மா கதிரையில் இருந்தார்.

"பார்த்தனீங்களோ அம்மா?"

"ஓம்."

"எப்பிடி இருக்கிறார் அண்ணை?" நாடகத்தில் என் பங்கைக் குறைவில்லாமல் நடித்தேன்.

"நல்லா உடுத்திருக்கிறான்" என்றார் அம்மா. பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணி வார்த்தார். வெக்கைக்குக் குளிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா மீன் சாப்பிடவில்லை. பல்லுக்கு ஏலாது என்றார். விளக்கு வைக்கவில்லை. தீப்பெட்டி பிடிக்கக் கை நடுங்குது என்றார். சாமியறைக் கதவைச் சாத்திவிட்டார். வெள்ளிக்கிழமைக் கோயிலையும் விட்டார், முழங்கால் என்று. வயது போகிறது என்று நானும் மனைவியும் கதைத்துக்கொண்டோம். இதற்கிடையில் என் கணக்குக்கு முப்பத்தோராம் நாள் வந்தது. யாழ்ப்பாணத்தில் கந்தோர் வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, அண்ணைக்குத் துடக்குக் கழிக்கும் அந்தியேட்டி செய்துவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் அம்மா என் ஈரத் தலையைப் பார்த்தார்.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் அம்மா விடியவே முழுகிவிட்டு, "இண்டைக்கு மரக்கறி கொஞ்சம் கூடச் சமை பிள்ளை, பயித்தங்காய் வை" என்று என் மனைவியிடம் சொன்னார். முதல் சோற்றைத் தலைவாழையிலையில் வைத்துக் காகத்துக்குக் கொண்டுபோனார். என்ன விரதம் என்று மனைவி கேட்டதற்கு, "ஒரு நேத்தி" என்றார். அடுத்தநாள் காலை சாமியறையைத் திறந்து விளக்கேற்றினார். "மீன்காரன் வந்தால் நிப்பாட்டு, எனக்கு வாய் கைக்குது" என்றார். எங்களுக்கு எவ்வளவு சந்தோசம். அம்மா தேறிவிட்டார் என்று நான் பெரிய மீனாகப் பார்த்து வாங்கினேன்.

அதன் பிறகும் மிச்சம் மீதியைக் கூட்டி இரண்டு சீடி அடித்துக் கொடுத்தேன். வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். புதிதாக ஒன்றும் இனி இல்லை, அடுத்த மாதத்துக்கு என்ன பொய் சொல்வது என்று நான் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அந்தப் பழைய சீடியைக் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, இது சிக்குது. இன்னொரு கொப்பி அடிச்சுத் தா."

"புதுசு ரெண்டு கிடக்கே அம்மா."

"எனக்கு இதுதான் வேணும்" என்றார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தட்டெல்லாம் கீறல். பிளேயருக்குள் ஓடித் தட்டுத் தேயாது. எடுத்து எடுத்துப் போட்டால்தான் இப்படிக் கீறும். எத்தனை தரம் போட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே கணினிக்குள் செருகினேன். அதில் ஐந்து வீடியோ இருந்தது. நான் போட்டது நாலு. முதல் நாலும் தடங்கலில்லாமல் ஓடின. ஐந்தாவதுதான் சிக்கியது. ஒரு மண்டபம், பூ, திறந்த பெட்டிக்குள் பட்டு வேட்டியும் சால்வையுமாக அண்ணை. அதில் படம் நின்றுவிட்டது.

என் கணினியில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் எடு என்று எழுதினவன் நான். அது எடுத்தது. அண்ணையின் போனிலிருந்து வருவதெல்லாம் அங்கேதான் போய் விழும் என்ற வரியை எழுதினவனும் நான். திறக்கப் பயந்து நான் மூடி வைத்ததை, எழுபத்தாறு வயது மனுசி, ஒருவரும் இல்லாத வீட்டில், சிவப்புப் பொத்தானை அழுத்தித் தனிய இருந்து பார்த்திருக்கிறார்.

சுவரில் இருந்த கலண்டரை எடுத்து அந்தச் சனிக்கிழமையிலிருந்து எண்ணினேன். பயித்தங்காய் சமைத்த நாள் முப்பத்தொன்று. அண்ணை செத்த நாள் அம்மாவுக்குத் தெரியாது. ஆரிடமும் கேட்கவும் முடியாது. அறிந்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணியிருக்கிறார். ஒரே வீட்டுக்குள், ஒரே பிள்ளைக்கு, இரண்டு துடக்கு. நான் அவருக்கு ஒளித்தேன், அவர் எனக்கு ஒளித்தார். மேசையில் தலையை வைத்து அழுதேன். மனைவி ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூல வீடியோ 'முடிந்தது' கோப்புறையில் பழுதில்லாமல் கிடந்தது. அப்போதும் என் புத்தி போனதைப் பாருங்கள். நாலை மட்டும் அடித்துக் கொடுத்து, மிச்சத்தை வாசிக்க ஏலாது என்று சொன்னால் என்ன என்று யோசித்தேன். பொய் சொல்லிப் பழகினால் அது கையை விடாது. பிறகு ஐந்தையும் போட்டேன்.

அம்மா விறாந்தையில் காத்திருந்தார். சீடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வந்திருக்கோ?"

"ஓம் அம்மா. அஞ்சும் வந்திருக்கு."

அவர் என் முகத்தைக் கனநேரம் பார்த்தார்.

"நீ சொல்லுவாய் சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான் மோனை" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா, நான் அதை இன்னும் பார்க்கேல்லை" என்றேன். எனக்குச் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

அம்மா சீடியைப் பிளேயருக்குள் வைத்தார். பக்கத்துக் கதிரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

"அப்ப இரு. எனக்கும் இனித் தனியப் பார்க்க ஏலாது."

ரிமோட்டை என் கையில் தந்தார். நகப்பூச்சு முழுக்கத் தேய்ந்து போயிருந்தது.