கயிற்றில் வந்த கார்

இங்கே கனடாவில் எனக்குச் சோறு போடுவது ஸ்டார்ட் வராத கார்கள்தான். ரொறொன்ரோவில் இழுவை லொறி ஓட்டுகிறேன். பனிக்காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. வந்து கனகாலமாகியும் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊரில் கார் நின்றுபோனால், ஏன் நின்றது என்று சொந்தக்காரர் கேட்பதே இல்லை. என் லொறியில் சூடாக ஏறி இருந்து போனைப் பார்த்துக்கொண்டு வருவார். எங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இது நடக்குமா? அங்கே ஒழுங்கைக்குள் ஒரு கார் இரண்டு தரம் இருமினால் போதும், மரக்கறி வாங்கிக்கொண்டு போகிறவர்கூடப் பையைக் கீழே வைத்து, "பிளக் நனைஞ்சிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

காரை லொறியில் கொளுவுமுன் நானும் ஒருதரம் சாவியைத் திருகிப் பார்ப்பேன். பற்றரி செத்த கார் பேசாமல் கிடக்கும், அது பரவாயில்லை. சில கார்கள் கிர்ர் கிர்ர் என்று சுற்றும், ஆனால் பற்றாது. அந்தச் சத்தம் வந்தால் இரண்டாம் தரம் திருகமாட்டேன், சாவியைக் கழற்றிவிடுவேன். முதலாளிக்கு நான் இதைச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு சத்தம் இருக்கும்.

என் அண்ணா கொட்டாஞ்சேனையில் கணக்கு டியூஷன் வைத்திருந்தார். வெள்ளவத்தையில் வீடு. ஒரு பழைய வெள்ளை நிற ஜப்பான் காரில் பின்னேர வகுப்புக்குப் போய் வருவார். சண்டை மூண்டிருந்த காலம், ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் அவரும் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த நாள் கார் மட்டும் வகுப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் நின்றது. அண்ணியும், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பாரூக் நானாவும் மற்றச் சாவியைக் கொண்டுபோய்த் திருகியிருக்கிறார்கள். எஞ்சின் சுற்றியது, ஸ்டார்ட் வரவில்லை. நானா தன் லொறியில் கயிறு கட்டி அதை வெள்ளவத்தைக்கு இழுத்து வந்தார். கார் பழுதாகி நின்றிருக்கிறது, நின்ற இடத்தில் ஆளைப் பிடித்திருக்கிறார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன், போனில் கேட்டதுதான். ஆனால் கண்ணால் பார்த்ததுபோல ஒரு காட்சி எனக்குள் இறங்கிவிட்டது. அண்ணா வியர்த்து வழிய வழியச் சாவியைத் திருகுகிறார், கார் சுற்றுகிறது, பற்றவில்லை, பின்னால் ஒரு வாகனம் மெல்ல வந்து நிற்கிறது. இத்தனை வருஷமும் எந்த ஊர்க்காரருடைய காரைத் திருகினாலும் உள்ளே அண்ணாதான் இருந்தார்.

அண்ணி அதை வேறு விதமாகச் சுமந்தார். அன்று காலையில் கார் இருமுகிறது, கராஜுக்குக் காட்டவேணும் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். அண்ணிதான், முதலில் களுபோவில ஆஸ்பத்திரியில் கிடக்கிற தன் தாயைப் பார்த்துவிட்டு வருவோம் என்று மறித்தவர். "அண்டைக்கு நான் கராஜுக்கு விட்டிருந்தா" என்று தொடங்குவார், முடிக்கமாட்டார். போனில் நான் எத்தனை தரம் அந்தப் பாதி வசனத்தைக் கேட்டிருப்பேன்!

போன மாதம் நான் கொழும்புக்குப் போனதும் இந்தக் காருக்காகத்தான். அண்ணியின் வீட்டை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். அண்ணி தெகிவளையில் தன் தங்கையோடு போய் இருக்கச் சம்மதித்துவிட்டார், சாமானும் கட்டியாயிற்று. கயிறு கட்டி வந்த நாளிலிருந்து முற்றத்தில் ஒருவரும் தொடாமல் கிடந்த கார்தான் தடை.

"அது கயிறு கட்டி வந்தது, தம்பி. செத்த மாடு மாதிரி இழுத்துக்கொண்டு வந்ததை இந்தக் கண்ணால பாத்தனான். திரும்பவும் அப்பிடிப் போக விடமாட்டன். தானா ஓடிப் போகவேணும். இல்லாட்டி நானும் இஞ்சதான், இடிக்கிறவன் என்னோட சேத்து இடிக்கட்டும்."

இழுவை லொறிக்காரனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கட்டட மேற்பார்வையாளர் ஒரு சிங்களவர், நல்ல மனுசன். கிரேன் அனுப்பவா என்று தினமும் வந்து கேட்பார். துருப்பிடித்த என் சிங்களத்தில், இது என் அண்ணாவுடைய கார், அவரில்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது என்று விளக்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "எஹெனங் அய்யாட கோல் கரன்ன" என்றார். அப்படியென்றால் அண்ணாவுக்கு ஒரு கோல் எடுங்களேன் என்கிறார். நான் சரி என்று தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடற்காற்றில் கார் அரைவாசி துருவாகியிருந்தது. பிரேக், ரயர், பற்றரி எல்லாம் மாற்றினேன். தாங்கியில் கோந்தாகிப்போயிருந்த பெற்றோலை வெளியே எடுத்தேன், காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். கனடாவில் என்றால் ஒரு கணினியைக் கொளுவினால் குற்றம் குறை எல்லாம் அதுவே சொல்லிவிடும். இந்தக் காரில் கொளுவ ஓட்டையே கிடையாது, நாங்கள்தான் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். கடைசியில் பாரூக் நானா சாவியைத் திருகினார். கிர்ர் கிர்ர். அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுற்றுகிறதென்றால் பற்றரியிலும் ஸ்டார்ட்டரிலும் பிழையில்லை. பெற்றோலைக் கையாலேயே காபரேற்றருக்குள் ஊற்றினேன், பற்றவில்லை. மிச்சம் நெருப்புத்தான். ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் முட்டவைத்துப் பிடித்தேன், நானா திருகினார். நீலப் பொறி பறக்கவேணும், ஒன்றுமில்லை. நெருப்பை மூட்டுகிற கொயிலில் சோதனை பல்பை வைத்தால் அதுவும் எரியவில்லை. சாவியடியில் மின் இருக்கிறது, கொயிலுக்கு வந்து சேரவில்லை. நடுவழியில் எங்கேயோ நின்றுபோயிற்று.

"நடுவுல நிண்டா..." நானா கையைத் துடைத்தபடி யோசித்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! கள்ள சுவிட்ச், தம்பி! அந்தக் காலத்துல கார் களவு போகுதுண்டு எல்லாரும் ஒண்டு ஒளிச்சு வெச்சிருந்த. அத அமத்தினா கொயிலுக்குக் கரண்ட் போகாது, கார் சுத்தும், ஸ்டார்ட் வராது. கணக்கு மாஸ்டர் வெக்காம இரிப்பாரா? அண்டைக்கு எங்களுக்கு மூளயே வேல செய்யல்ல."

மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் அவர் அப்படியே பள்ளிவாசலுக்குப் போனார். நான் தரையில் படுத்துக்கொண்டு கொயிலிலிருந்து வயரைத் தடவிக்கொண்டு போனேன். காரோடு வந்த பழைய வயர்களுக்கு நடுவே ஒன்று புதுசாக, கறுப்பு ரேப் சுற்றியபடி, கம்பளத்துக்கு அடியில் ஓடியது. அது எங்கே முடிந்தது என்று சொல்லமாட்டேன். விரல் நுனியில் ஒரு சின்னச் சுவிட்ச் முட்டியது. நிறுத்தின பக்கம் சாய்ந்திருந்தது.

அப்படியே கிடந்தேன். கார் பழுதாகவில்லை. அண்ணா வகுப்பு ஒழுங்கைக்கு வந்து, ஆறுதலாகக் காரை ஒதுக்கி நிறுத்தி, திரும்பி வந்து எடுக்கப்போகிற மனுசன் செய்வதுபோலச் சுவிட்சை அமத்திவிட்டு இறங்கியிருக்கிறார். அவர் வியர்க்கவில்லை, சாவியைத் திருகித் திருகிப் பதறவில்லை. நான் இத்தனை வருஷமும் கேட்ட சத்தம் நடக்கவே இல்லை. ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அந்தக் காட்சி போன இடத்தில் வேறொன்றும் வரவில்லை, ஒரே இருட்டு. அண்ணா கடைசியாகக் காருக்குள் இருந்தார் என்றாவது அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கார் பழுதாகேல்லை, அண்ணி. அண்ணாதான் நிப்பாட்டிப்போட்டுப் போனவர். நீங்கள் அண்டைக்குக் கராஜுக்கு விட்டிருந்தாலும் ஒண்டும் மாறியிருக்காது."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். "இவ்வளவு காலமும் என்னை நானே திண்டுகொண்டிருந்தன்" என்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுக் கோபமாக நிமிர்ந்தார். "பாவி மனுசன், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே! நான் என்ன, காரைக் களவெடுத்துக்கொண்டு ஓடவே போறன்?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கையை வை, எனக்கும் காட்டு" என்றார். கிழங்குபோல வீங்கிய அவருடைய விரலைப் பிடித்துச் சுவிட்சில் வைத்தேன். அவரே தட்டினார்.

சாவியைத் திருகினேன். கிர்ர், கிர்ர், பிறகு ஒரு பெரிய இருமல், கறுப்புப் புகை. பற்றிக்கொண்டது. ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது. பள்ளியிலிருந்து தொப்பியும் தலையுமாக ஓடிவந்த நானா, "மாஷா அல்லாஹ்" என்று பொனற்றைத் தட்டினார். எங்கே ஒளித்திருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஒருவருடைய கள்ளச் சுவிட்ச் எங்கே என்று இன்னொருவர் கேட்பதில்லை, அது அந்த ஊர் மரியாதை. மேற்பார்வையாளரும் கைதட்டினார். "அய்யா கிவ்வத?" என்றார். அண்ணாதான் சொன்னாரா என்று கேட்கிறார். ஓம் என்று தலையாட்டினேன். இந்தத் தரம் அது பொய்யில்லை.

அண்ணி முன்னிருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காலி நகருக்குப் போகும் காலி வீதியால் மெல்ல மெல்லத் தெகிவளைக்கு ஓட்டினேன். தங்கை வீட்டு முற்றத்தில் காரை விட்டதும் அவர் இறங்கவில்லை.

"அமத்திவிடு" என்றார்.

"எஞ்சினை நிப்பாட்டிட்டன், அண்ணி."

"அதில்லை, சுவிட்சை. வேற ஆருக்கும் அது ஸ்டார்ட் வரக்கூடாது. அவர் வந்தாரெண்டா அவருக்குத் தெரியும்தானே."

அமத்திவிட்டேன்.

இப்போது இங்கே பனி கொட்டுகிறது, வேலை குவிந்துவிட்டது. கிர்ர் என்ற சத்தம் கேட்டால் காருக்குள் ஒருவரும் தெரிவதில்லை. ஆனால் லொறியை விட்டு இறங்குமுன் என் கை தானாகக் கீழே போய், அங்கே இல்லாத சுவிட்சைத் தேடுகிறது. அண்ணாவின் சுவிட்ச் இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் தெகிவளையில் இருக்கிறார். ஒருவன் இந்தப் பனிக்குள் இருக்கிறான். மற்றவர் எங்கே என்று தெரியவில்லை.