சாவி கேட்காமல் மாட்டிய பேரல்

குற்றாலத்துச் சாரல் விழும் நாட்களில் எங்கள் ரைபிள் கிளப் ஷெட்டுக்குள் எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை இருக்கும்... வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாலும் விரலில் அதுதான் அடிக்கும்.

எனக்கும் என் தோழி ஷிஃபானாவுக்கும் சேர்த்து ஒரே ரைபிள். குண்டு பாயும் குழலான பேரல் மட்டும் இரண்டு. பழையது அவளுக்கு, புதியது எனக்கு என்று எங்களுக்குச் சுடக் கற்றுத்தரும் மாஸ்டர் பிரித்துக் கொடுத்திருந்தார். அவள் சுட்டு முடித்ததும் மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, அவள் பேரலை உருவி, என்னுடையதைச் செருகி இறுக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்குவதற்கென்று தனிச் சாவி உண்டு. போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் வரும்.

"பேரல் மாத்திட்டு வாரேம்மா" என்றால் அம்மா, "தண்ணி பேரலாட்டி? நம்ம பேரலும் ஒழுவுது, அதையும் மாத்து" என்பாள்.

தேர்வுப் போட்டி வந்தது. ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம், பிளஸ் டூ வரை படிக்கலாம். இல்லையென்றால் பத்தாவதோடு சரி என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

ஷிஃபானா சுட்டுவிட்டு எழுந்தாள். பேரலை மாற்றினேன். சாவி மாஸ்டரின் சட்டைப் பையில்... அவரோ அதிகாரிகளுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, போய்க் கேளு. ஒன்னையப் பிடிச்சா திங்கப் போறாவ?" என்றாள் ஷிஃபானா.

"நீ கேளேன்..."

எப்போதும் எனக்காக அவள்தான் கேட்பாள். அன்று அதற்குள் அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாதாரணச் சாவியால் கைபலத்தில் முறுக்கிவிட்டுச் சுடப் படுத்தேன்.

முதல் பத்துக் குண்டு சரியாகத்தான் போனது. பிறகு ஒன்று இடப்பக்கம்... அடுத்தது மேலே... பேரலைத் தொட்டேன். லேசாக ஆடியது.

கையைத் தூக்கி, "சார், ஸ்க்ரூ லூசா இருக்கு" என்றால் போதும். நிறுத்திச் சரிசெய்ய விட்டிருப்பார்கள்.

தூக்கவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே... மீதிக் குண்டுகளைத் தெரிந்தே சுட்டேன்.

ஷிஃபானா விடுதிக்குப் போனாள். நான் பள்ளியை விட்டு நின்றேன்.

இப்போது தென்காசியில் ஒரு துணிக்கடை வாசலில், "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று நாள் முழுவதும் கூப்பிடுவதுதான் என் வேலை. கூச்சமெல்லாம் போய்விட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

போன வாரம் லீவில் ஊருக்கு வந்த ஷிஃபானா கடைக்கு வந்தாள். அவளுக்கென்றே தனி ரைபிள் கொடுத்திருக்கிறார்களாம்.

"அன்னைக்கு ஒனக்கு என்னதாம்ட்டி ஆச்சு? நல்ல பேரலு ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"கை நடுங்கிட்டு" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

அப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிடும்... இப்போது நான் சொன்னதை நம்பிவிட்டாள்.